மருந்து அடித்தால் எத்தனை நாளில் போகும்?



நம் பிளாக்குகளுக்குக் கரையான் மருந்தும் கரப்பான் மருந்தும் அடிக்க ஏற்பாடு நடந்துவருவது உங்களுக்குத் தெரியும். அறிவிப்பு ஒட்டியதிலிருந்து பலரும் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுவிட்டீர்கள். அடித்த மருந்து எத்தனை நாளில் போகும்? குழந்தைகள் எப்போது கீழே இறங்கி விளையாடலாம்? வாசனை போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி சின்னதுதான். பதிலுக்குள் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. நான் வேதியியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். எனக்கு இந்த வரலாறு ஒரு கடன் கணக்கு மாதிரிதான் புரிந்தது. உங்களுக்கும் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.

வங்கியில் ஒருவர் பெயரில் இருந்த கடன் பேரேட்டில் இல்லை என்றால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவர் பணத்தைக் கட்டிக் கணக்கை முடித்திருக்கலாம். கணக்கு வேறு கிளைக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அல்லது பழைய கடனை மூடி, அதே பாக்கிக்குப் புதுக் கடன் போட்டிருக்கலாம். மூன்றிலும் பழைய பக்கத்தில் நிலுவை பூஜ்யம்தான். ஆனால் முதலாவதில் மட்டும்தான் கடன் உண்மையில் அடைந்தது. நஞ்சு "போய்விட்டது" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எது என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரம் அவ்வளவுதான்.

தேய்மானக் கணக்கு

ஒரு நஞ்சு எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதை விஞ்ஞானிகள் "அரை ஆயுள்" என்று அளக்கிறார்கள். இருப்பதில் பாதி குறைய ஆகும் காலம் அது. பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பர். தேய்மானத்தில் நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று இரண்டு உண்டு. நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் மதிப்பு பூஜ்யமாகிவிடும். குறைந்துசெல் மதிப்பு முறையில் மீதி இருப்பதில் இத்தனை சதவீதம் என்று கழிப்பதால், தொகை சுருங்கிக்கொண்டே போகும், பூஜ்யத்தைத் தொடாது. நஞ்சு தேய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையில்தான். 100 பங்கு, 50, 25, 12.5 என்று இறங்கும். ஏழு அரை ஆயுள் கழிந்தால் 100 பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக மிஞ்சும்.

அரை ஆயுள் இரண்டு நாள் என்றால் இரண்டு வாரத்தில் அந்த நிலை வந்துவிடும். மண்ணில் டி.டி.டி.யின் அரை ஆயுள் இடத்தைப் பொறுத்து 2 முதல் 15 ஆண்டுகள் வரை என்று சொல்கிறார்கள். 15 என்றே வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஏழு பதினைந்து நூற்றைந்து. தாத்தா தூவியதை எள்ளுப்பேரன் காலத்திலும் மண் கணக்கில் வைத்திருக்கும்.

நீடித்து நிற்பதே பெருமையாக இருந்த காலம்

டி.டி.டி. முதன்முதலில் 1874இல் ஓத்மார் ஸைட்லர் என்பவரால் தயாரிக்கப்பட்டது. பூச்சியைக் கொல்லும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1939இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பால் ஹெர்மன் முல்லர் அதைக் கண்டுபிடித்தார். 1948இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பரிசை இன்று கேலி செய்வது சுலபம். அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசின் மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1954இல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனம் உருவானது. டெல்லியிலும், பிறகு கொச்சிக்கு அருகே உத்யோகமண்டலிலும் டி.டி.டி. தயாரானது. அறுபதுகளின் நடுவில் மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஒரு லட்சமாக இறங்கியது. நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: மலேரியா பணியாளர்கள் வீட்டுச் சுவரில் மருந்தடித்துவிட்டு, வாசலில் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள்.

அந்தத் தேதி எழுதும் பழக்கத்திலேயே அரை ஆயுள் இருக்கிறது. டி.டி.டி. என்றால் ஆண்டுக்கு இரண்டு சுற்று அடித்தால் போதும். மாலத்தியான் என்றால் மூன்று சுற்று. சீக்கிரம் சிதையும் மருந்துக்குச் செலவும் ஆளும் அதிகம். ஆகவே சுவரில் மாதக்கணக்கில் சிதையாமல் ஒட்டியிருப்பதுதான் டி.டி.டி.யின் பெரிய பலம் என்று கொண்டாடினார்கள். அதே பலம் வயலுக்கும் ஏரிக்கும் போனபோது பலவீனமானது. 1962இல் ரேச்சல் கார்சன் தன் புத்தகத்தில் உலகத்துக்குச் சொன்னது அதைத்தான்.

டி.டி.டி.க்குத் தம்பி போல இன்னொன்று இருந்தது. பி.எச்.சி. பத்து சதவீதத் தூள் என்றால் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு உடனே அந்த மக்கிய வாசனை மூக்கில் ஏறும். மைக்கேல் ஃபாரடே 1825இலேயே தயாரித்துப் பார்த்த பொருள் அது. 1952இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் அதற்கு ஆலை வந்தது. இந்தியாவில் நவீனப் பூச்சிக்கொல்லி உற்பத்தி தொடங்கியது அங்கேதான். மலிவு என்பதால் நெல்லுக்கும் பருத்திக்கும் மூட்டை மூட்டையாகப் போனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கலவையில் பூச்சியைக் கொல்லும் காமா வகை ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியெல்லாம் கூடவே வரும் சரக்கு. அந்தச் சும்மா சரக்கில் ஒன்றான பீட்டா வகைதான் எல்லாவற்றிலும் மெதுவாகச் சிதைவது. நாடு முழுவதும் நாற்பது சொச்சம் ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் டன் பி.எச்.சி. பயன்படுத்தப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

தேய்மான விகிதத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

வருமான வரிக் கணக்கில் எந்தச் சொத்துக்கு எத்தனை சதவீதத் தேய்மானம் என்று அரசு அட்டவணை போட்டுக் கொடுத்துவிடும். நஞ்சுக்கு அப்படி ஒரே விகிதம் கிடையாது. பொருளின் கட்டமைப்பு ஒரு பாதி என்றால், அது விழுந்த இடம் மறுபாதி.

கட்டமைப்பு என்பது அதன் அணுக்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது. டி.டி.டி., பி.எச்.சி. இரண்டிலும் குளோரின் அணுக்கள் பல கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிணைப்பை வெட்டும் திறமை இயற்கையில் மிகச் சில உயிர்களுக்குத்தான் உண்டு. மாலத்தியான், பாரத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகைகளில் தண்ணீரே நுழைந்து பிரிக்கக்கூடிய இடம் இருக்கிறது.

இடம் என்பதை எங்கள் ஊரை வைத்துச் சொல்கிறேன். என் பூர்வீகம் குமாரலிங்கபுரம். வானம் பார்த்த கரிசல் பூமி. ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருக்க வேண்டும். பருத்தி, கம்பு, சோளம், மல்லி, வத்தல், உளுந்து என்று அந்தந்த மழைக்கு ஏற்ப விதைப்பார்கள். இவற்றில் பூச்சிமருந்தை அதிகம் குடித்தது பருத்திதான். தொண்ணூறுகளில் இந்தியாவின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் பருத்தி சுமார் 5 சதவீதம். நாட்டில் விற்ற பூச்சிக்கொல்லியில் ஏறத்தாழப் பாதி அதற்குப் போனது.

அந்த மண்ணில் விழுந்த நஞ்சுக்கு என்ன ஆகும்?

முதல் ஆள் வெயில். மேல்மண்ணில் விழுந்ததை வெயிலின் புற ஊதாக் கதிர் நேராக வெட்டும். நம் கொசுவர்த்தியில் இருக்கும் மருந்துகளின் மூதாதை ஒரு வகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம். அது வெயிலில் சில மணி நேரத்தில் வீணாகிவிடும். ஆனால் வெயிலுக்கு ஓர் அங்குல மண் போதும், உள்ளே வர முடியாது. கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கை நுழையும் வெடிப்புகள் ஒரு மீட்டர் ஆழம் வரை போகும். காற்றும் முதல் மழையும் மேல்மண்ணை அதற்குள் தள்ளிவிடும். அதனால்தான் கரிசலைத் தானே உழுதுகொள்ளும் மண் என்பார்கள். மேலே தூவிய தூள் இப்படி வெயில் படாத பெட்டகத்துக்குள் போய்விடுகிறது.

இரண்டாவது சூடு. பத்து டிகிரி சூடு ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஐரோப்பாவில் அளந்த அரை ஆயுளை நம் ஊருக்கு அப்படியே போடக்கூடாது. இங்கே வேகம் அதிகம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது நுண்ணுயிர்கள். மண்ணில் நஞ்சைத் தின்று கணக்கை உண்மையாகவே முடிப்பவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு ஈரம் வேண்டும், மக்கு வேண்டும். சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும் கரிசலில் இவர்கள் தூங்குகிறார்கள். மழை விழுந்த பிறகுதான் வேலைக்கு வருவார்கள். கரிசலில் மக்கும் குறைவு. அதன் களிமண்ணோ பல நஞ்சுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்து வைப்பதால் கிணற்றுக்குப் போவது குறையும், சிதைவதும் தாமதமாகும்.

இந்த நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. சேதுநாதன் என்ற இந்திய மண் நுண்ணுயிரியலாளர் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, டயசினான் என்ற மருந்து திரும்பத் திரும்ப அடித்த வயலில் அது வர வர வேகமாகக் காணாமல் போவதைக் கவனித்தார்கள். அந்த வயல் தண்ணீரிலிருந்து டயசினானையும் பாரத்தியானையும் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973இல் அவரும் யோஷிதாவும் வெளியிட்டார்கள். அந்த பாக்டீரியாவின் நொதியைப் பிற்காலத்தில் போரில் பயன்படும் நரம்பு நஞ்சை முறிக்க முடியுமா என்று உலகெங்கும் ஆராய்ந்தார்கள். சேதுநாதன் பிறகு கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டு வேலை செய்தார். தண்ணீர் கட்டிய நெல் வயலில், காற்று புகாத சேற்றில், பி.எச்.சி. காய்ந்த நிலத்தைவிட வேகமாகச் சிதைகிறது என்று அவரைப் போன்றவர்கள் காட்டினார்கள். அதே தூள், கண்மாய்ப் பாசன நெல் வயலில் ஒரு வேகம், பக்கத்துப் பருத்திப் புஞ்சையில் வேறு வேகம்.

நான்காவது தண்ணீரின் குணம். எலுமிச்சைப் பக்கம் புளிப்பா, சோடா உப்புப் பக்கம் காரமா என்பதைப் பி.எச். எண்ணால் சொல்வார்கள். 7 என்றால் நடுநிலை. மாலத்தியானைப் பி.எச். 5 உள்ள தண்ணீரில் கரைத்தால் அரை ஆயுள் நூறு நாளுக்கு மேல். 7இல் ஆறு நாள். 9இல் வெறும் அரை நாள். ஒரே மருந்து, ஒரே நாள், வாளித் தண்ணீர் மட்டும் வேறு. கரிசல் மண்ணும் அந்த வட்டாரத்துக் கிணற்று நீரும் பெரும்பாலும் காரப் பக்கம்தான். அந்தத் தண்ணீரில் கரைத்த மருந்தைத் தெளிக்காமல் வைத்திருந்தால் அதன் வீரியம் இறங்கிவிடும்.

இந்த நால்வரும் வராத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் நிலத்தடி நீர். அங்கே வெயில் இல்லை, சூடு மாறாது, நுண்ணுயிர்களும் குறைவு. 2003இல் பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்ததும், நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் லிண்டேன், டி.டி.டி.யோடு, சீக்கிரம் சிதையும் என்று பெயர் வாங்கிய மாலத்தியானும் குளோர்பைரிபாஸும் இருந்தன.

பறங்கிப்பேட்டைக் கணக்கு

சூட்டின் சூட்சுமம் என்றேன் அல்லவா, அது நம் தமிழ்நாட்டிலேயே வெளிப்பட்டது. எண்பதுகளின் கடைசியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பறங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மைய ஆய்வாளர்களும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வெள்ளாற்றுப் படுகையில் ஓர் ஆய்வு செய்தார்கள். நெல் வயலில் பி.எச்.சி.யை இட்டு, மண், தண்ணீர், காற்று மூன்றிலும் தொடர்ந்து அளந்தார்கள்.

வயலிலும் ஆற்றிலும் அது சீக்கிரமே குறைந்தது. வெப்ப நாட்டில் நஞ்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று அதோடு விட்டிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அவர்கள் காற்றையும் அளந்ததால் உண்மை தெரிந்தது. இட்டதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் ஏறியிருந்தது. ஆறு வழியாகக் கடலுக்குப் போனது ஒரு சதவீதம்கூட இல்லை.

சூடு நஞ்சைச் சிதைத்ததைவிட அதிகமாக அதைக் கிளப்பி விட்டிருக்கிறது. காற்றில் ஏறியது குளிர்ந்த பக்கம் போய் இறங்கும். அங்கே கொஞ்சம் வெதுவெதுப்பானால் மறுபடி ஏறி, இன்னும் குளிர்ந்த பக்கம் போகும். கடைசியில் சேரும் இடம் துருவம். பூச்சிமருந்தே அடிக்காத வட துருவத்தில் சீலின் கொழுப்பிலும், அதைச் சாப்பிடும் இனுயிட் தாய்மார்களின் பாலிலும் இந்த வகை நஞ்சுகள் கண்டுபிடிக்கப்பட்டன. சீனா 1983இல் பி.எச்.சி.யை நிறுத்தியது. இந்தியா தொண்ணூறுகளில் படிப்படியாகக் குறைத்து 1997இல் தடை செய்தது. இந்த இரு நாடுகளும் குறைக்கக் குறைக்க, துருவக் காற்றிலும் அளவு இறங்கியது. சிதம்பரம் பக்கத்து வயல் கணக்கில் "தீர்ந்தது" என்று எழுதிய தொகை, வட துருவக் கிளையில் வரவாகியிருந்தது. இது கணக்கு மாற்றம், வசூல் இல்லை.

போனது எல்லாம் தூரத்துக்கும் போகவில்லை. வைக்கோல் வழியாக மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு என்று ஒரு வழி இருந்தது. கொழுப்பில் கரையும் நஞ்சு ஆதலால் தங்க வசதியான இடம் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாநிலங்களில் 2,200க்கும் மேற்பட்ட பால் மாதிரிகளைச் சோதித்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், பத்துக்கு எட்டு மாதிரிகளில் டி.டி.டி., பி.எச்.சி. எச்சம் இருந்தது. தென்னிந்தியத் தாய்ப்பாலிலும் அதே காலத்தில் அளந்தார்கள், அங்கேயும் இருந்தது. தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நஞ்சை நிறுத்துவதுதான் வழி என்று ஆனது அப்படித்தான். விவசாயத்தில் டி.டி.டி.க்கு இந்தியா 1989இல் தடை போட்டது.

பெயர் மாற்றிய பாக்கி

பழைய கடனை மூடிப் புதுக் கடன் போடும் கதைக்கு வருவோம். டி.டி.டி. சிதையும்போது டி.டி.இ. என்று ஒன்றாக மாறுகிறது. அது டி.டி.டி.யைவிடப் பிடிவாதக்காரன். கழுகு, பருந்து வகைகளின் முட்டை ஓடு மெலிந்து அடைகாக்கும்போதே நொறுங்கியதற்குக் காரணம் இந்த டி.டி.இ.தான்.

எண்டோசல்பான் கதையும் அதுவே. மண்ணின் நுண்ணுயிர்கள் அதை எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றும். மூலப் பொருளுக்குச் சமமான நஞ்சு, ஆயுள் மட்டும் கூடுதல். மூலப் பொருளை மட்டும் அளந்தால் சில மாதத்தில் குறைந்துவிட்டது என்று காட்டும். சல்பேட்டையும் சேர்த்து அளந்தால் ஆண்டுக்கணக்கில் போகும். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் எழுபதுகளின் நடுவிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அந்த மலைக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் படங்களை நீங்கள் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. 2017இல், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. தெளித்தது நின்று 17 ஆண்டு கழித்து வந்த உத்தரவு அது.

இப்படிப்பட்டவற்றுக்காகவே 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவானது. 2004இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2006இல் இணைந்தது. ஒரு பொருள் "நீடிக்கும் நஞ்சு" என்று சொல்ல அதில் ஒரு வரையறை உண்டு: தண்ணீரில் அரை ஆயுள் இரண்டு மாதத்துக்கு மேல், அல்லது மண்ணில் ஆறு மாதத்துக்கு மேல். 2025இல் அந்தப் பட்டியலில் குளோர்பைரிபாஸும் சில விலக்குகளோடு சேர்க்கப்பட்டது. கரையான் மருந்து என்று நாம் பல ஆண்டுகளாக வாங்கிவந்தது பெரும்பாலும் அதைத்தான்.

சீக்கிரம் போவதெல்லாம் சாது இல்லை

அப்படியானால் சீக்கிரம் சிதையும் மருந்து நல்லது என்று முடிவுகட்டிவிடலாமா? அதற்கும் வரலாறு இடம் தரவில்லை. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பாரத்தியான் மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடக்கூடியது. மனித உடலுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு நடந்த விசாரணைதான் 1968இன் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வழி வகுத்தது.

போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மீதைல் ஐசோசயனேட், தண்ணீர் பட்டால் நிமிடக்கணக்கில் மாறிவிடக்கூடிய வாயு. அந்த நிமிடங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆலை வளாகத்தில் கிடந்த கழிவோ அசையாமல் இருந்தது. 337 டன் கழிவை பீதம்பூருக்கு ஏற்றிச் சென்றது 2025 ஜனவரியில், நாற்பது ஆண்டு கழித்து. வேகமாகப் போனதும் மெதுவாகப் போவதும் ஒரே மதில் சுவருக்குள் இருந்தன.

தேய்மானமே இல்லாத சொத்து

கணக்குப்பதிவியலில் நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. நஞ்சிலும் அப்படி ஒரு வகை உண்டு. பாதரசம், ஈயம், குரோமியம் எல்லாம் தனிமங்கள். இவற்றுக்கு மேல் உடைய ஒன்றும் இல்லை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும் மண்ணில் கிடந்த பாதரசத்தைப் பற்றி இருபது ஆண்டுக்கு மேல் பேசிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

சாதாரண உப்பும் இந்த வகைதான். திருப்பூரின் சாயக் கழிவில் சாயம் ஒரு நாள் சிதையும். சாயம் ஏறப் போட்ட உப்பு சிதையாது. 1992இல் பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை அதன் பிறகுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதிலும் உப்பு மறைவதில்லை. தண்ணீரிலிருந்து பிரிந்து மூட்டைக்குள் போகிறது.

இதை நான் சொல்ல ஒரு காரணம் உண்டு. குமாரலிங்கபுரம் என்ற பெயர் இப்போது செய்தித்தாள்களில் அடிபடுகிறது. விருதுநகர் மாவட்டம் இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட திட்டம். வேலை தேடி ஊரைவிட்டு வெளியேறியவர்களின் மாவட்டத்துக்கு வேலை வருவது பெரிய விஷயம், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றம்தான் திட்டம் என்கிறார்கள். பிரித்தெடுக்கும் உப்பு மூட்டை எங்கே போகிறது, எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதை மட்டும் முதல் நாளிலிருந்து கேட்க வேண்டும். ஊறி வெளியேற ஆற்று நீர் ஓடாத, மழையை மட்டும் நம்பிய மண்ணில் உப்பு விழுந்தால் அது போக இடம் இல்லை.

இனி நம் கட்டடம்

இவ்வளவு வரலாற்றையும் நம் வளாகத்துக்குக் கொண்டுவந்தால் சில விஷயங்கள் தெளிவாகும்.

ஒன்று, வாசனை அளவுகோல் இல்லை. வாசனை பெரும்பாலும் மருந்தைக் கரைத்த எண்ணெயிலிருந்து வருவது. அது போன பிறகும் மருந்து இருக்கும்.

இரண்டு, வீட்டுக்குள் என்பது வெயிலும் மழையும் நுண்ணுயிரும் வராத இடம். வெளியே சில நாளில் சிதையும் பைரித்ராய்டு வகை மருந்து, சோபாவுக்கு அடியில் தூசியோடு தூசியாக மாதக்கணக்கில் இருக்கும். தரையில் தவழும் குழந்தைக்கும் பூனைக்கும்தான் அந்தத் தூசியோடு நெருக்கம் அதிகம். ஜன்னலைத் திறந்து வைப்பதும், ஈரத்துணியால் துடைப்பதும் சாதாரண யோசனை போலத் தோன்றும். ஆனால் பயன் உள்ளது.

மூன்று, கட்டடத்துக்கு அடியில் கரையானுக்கு ஊற்றும் மருந்து நீடித்து நிற்க வேண்டும் என்றே ஊற்றப்படுகிறது. பழைய கட்டடங்களுக்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஊற்றியதும் அதற்காகத்தான். மூன்றும் பின்னால் தடையானவை. கரையான் மருந்து "பத்து நாளில் போய்விடும்" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், ஒன்று அது வேலை செய்யாது, இல்லை அவர் சொல்வது சரியில்லை.

நான்கு, டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் இறங்கும். ஆனால் அது இன்றைய வீரியத்தை மட்டும் சொல்லும். எத்தனை நாள் தங்கும் என்பதை அந்த நிறம் சொல்லாது.

ஐந்து, இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் தோட்டத்தையும் மொட்டை மாடியையும் மழைநீர் சேகரிப்புக் குழியோடு இணைத்திருக்கிறோம். அந்தக் குழி நம் போர் தண்ணீருக்குப் போகும் வழி. மழைக்கு முந்தின நாள் தோட்டத்தில் அடித்த மருந்து, வெயிலும் நுண்ணுயிரும் தன் வேலையைத் தொடங்கும் முன்பே அந்த இருட்டுக்குள் இறங்கிவிடும். அங்கே அது எத்தனை நாள் இருக்கும் என்பதற்கு டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு உதவாது.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை முன்வைக்க இருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளிப்புற மருந்துத் தெளிப்பு வேண்டாம். மழைநீர்க் குழி, சம்ப், போர் ஆகியவற்றைச் சுற்றி எப்போதுமே வேண்டாம். மூன்றாவது, ஒரு பதிவேடு: எந்த மருந்து, டப்பாவில் உள்ள வேதிப் பெயர் என்ன, எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில், யார் அடித்தது. ஆறு பத்திகள் போதும். மலேரியா பணியாளர் சுவரில் தேதி எழுதிப் போனாரே, அதைவிடக் கொஞ்சம் விரிவாக. பத்து ஆண்டு கழித்து இங்கே குடிவரும் குடும்பம் "இந்த மண்ணில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பக்கம் இருக்க வேண்டும்.

பதிவேட்டைக் கோடு போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். பொதுக்குழுவுக்கு வாருங்கள், மறுத்துப் பேசுவதாக இருந்தாலும் வாருங்கள்.

(கட்டுரையாளர் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், நம் குடியிருப்பில் வசிப்பவர்.)